வக்கீல் என்று சொன்னேன்

முப்பத்தாறு வாரம் வந்த ஒரு துப்பறியும் தொடர்கதையை டிவியில் முன்னூறு எபிசோடுக்கு மேல் இழுத்தார்கள். அந்த இழுவையில் என் அக்கா போய்ச் சேர்ந்தாள். கொலைகாரன் யார் என்று தெரியாமலே போனாள் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். நான் சொன்ன கொலைகாரனைத் தெரிந்துகொண்டுதான் போனாள். உண்மையை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

எங்களுக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி. அப்பா தறி நெய்தார். அக்காவும் நானும் வீட்டிலேயே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவோம். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் ஒருத்தி முடிச்சுப் போட இன்னொருத்தி சத்தமாகக் கதை படிப்பாள். அத்தியாயம் முடிந்ததும் புத்தகமும் துணியும் கை மாறும்.

தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். வியாழக்கிழமை முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். மற்ற மூன்று வீட்டையும் சுற்றிவிட்டு, குழம்புக் கறையோடு எங்களிடமே திரும்பி வரும். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து வைப்பவள் அக்கா. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த பழக்கம்தான் அது. கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்கிவிட்டால் சொந்தப் புத்தகம்.

அந்த வருடம் வந்த துப்பறியும் கதை ஊரையே ஆட்டிவைத்தது. மலையடிவாரத்தில் ஒரு பங்களா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பணக்காரர் ஒருவர் விஷம் கலந்த பாலைக் குடித்துச் செத்துக் கிடக்கிறார். சந்தேகத்துக்கு மூன்று பேர்: அவருடைய வக்கீல், குடும்ப டாக்டர், அவர் மனைவியின் தங்கை. துப்பறிகிறவர் மூக்குப்பொடி போடும் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர்.

ஒன்பதாவது அத்தியாயத்தை நான் படிக்க, அக்கா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கொலை நடந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு அந்தத் தங்கை, எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன் என்கிறாள். ஆனால் கொலை நடந்து அரை மணி நேரத்தில் போலீஸ் வரும்போதே, இறுக்கப் பின்னிய சடையில் மல்லிகையோடு அவள் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். அக்காவின் கை நின்றுவிட்டது.

“நிறுத்து. அந்த வரிய இன்னொருக்கா படி” என்றாள். படித்தேன்.

“எண்ணெ தேச்சுக் குளிச்சவ அரை மணி நேரத்துல சடை பின்னுவாளாடி? ஈரத் தலைய எந்தப் பொம்பளயாச்சும் இறுக்கிப் பின்னுவாளா? நாறிப் போயிராது? நுனியில முடிஞ்சு தொங்கவுல்ல விட்டுருப்பா. இவ குளிக்கவே இல்ல. பொய் சொல்றா.”

“எழுதுனது ஆம்பளக்கா. அவருக்குத் தலையப் பத்தி என்ன தெரியும்? மறந்துருப்பாரு” என்றேன்.

“மறக்குற ஆளு இல்ல இவரு. வேணும்னே வச்சுருக்காரு. பாத்துக்கிட்டே இரு, தங்கச்சிதான்.”

கதை முடியப் போகும் சமயத்தில் பத்திரிகையில் ஒரு போட்டி வைத்தார்கள். கொலையாளி யார் என்று காரணத்தோடு அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். சரியாக எழுதியவர்களின் பெயர் கடைசி அத்தியாயத்தின் கீழே வரும். பரிசு என்று ஒன்றும் கிடையாது, பெயர் வரும், அவ்வளவுதான். அக்கா ஒரு கார்டு வாங்கி, அந்தத் தலைமுடி விஷயத்தை நுணுக்கி நுணுக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் சுற்றி எழுதி அனுப்பினாள். அந்த மாதம்தான் அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்திருந்தது. அதில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, “இதுல பேரு வாரதுக்கு மூளை வேணாம்டி. அதுல வரட்டும், அப்ப பாரு” என்று சிரித்தாள்.

கடைசி அத்தியாயம் வரவேண்டிய வாரமும் அவள் கல்யாண வாரமும் ஒன்றாக அமைந்தன. புதன்கிழமை நான் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, கூடப் படித்த இரண்டு பேரோடு திண்டுக்கல்லில் மேட்னி ஷோ பார்த்துவிட்டு வந்தேன். அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அப்பா கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். “எதுக்குக்கா சொன்ன?” என்று கேட்டேன். “நீ பொய் சொன்ன, அதான்” என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பத்திரிகை வந்தது. பேப்பர்காரர் கையிலிருந்து வாங்கி நேரே வெந்நீர் அடுப்புக்குப் போனேன். கல்யாண வீடு என்பதால் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே உள்ளே தள்ளினேன். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதில்தான் நிற்கிறது. நான் பிரிக்கவில்லை. ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை.

அக்கா வந்து நின்றாள். கையில் நலங்கு மஞ்சள்.

“எங்கடி புஸ்தகம்?”

“எரிச்சுட்டேன்.”

அடுப்பைப் பார்த்தாள். “படிச்சியா?”

படிக்காமல் எரித்தேன் என்றால் நான் பைத்தியக்காரி. படித்துவிட்டு எரித்தேன் என்றால் பழிக்குப் பழி வாங்கியவள். பதினேழு வயதில் எனக்கு இரண்டாவதுதான் கெத்தாகத் தெரிந்தது. “படிச்சேன்” என்றேன்.

“எம் பேரு வந்துருக்கா?”

“வரல.”

அவள் முகம் விழுந்தது. அதைப் பார்க்கத்தானே எரித்தேன்! ஆனால் ஒரு நிமிடத்தில் தேறிக்கொண்டாள். “அப்ப கார்டு போய்ச் சேரல. தபால்ல தொலைஞ்சுருக்கு” என்றாள். தான் தப்பாக எழுதியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. “சரி, யாரு கொன்னா? அத மட்டும் சொல்லு” என்றாள்.

“சொல்ல மாட்டேன்.”

மூன்றாம் நாள் தாலி கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போய்விட்டாள். புது மருமகள் போன இடத்தில் பத்திரிகை தேடி அலைய முடியுமா? அதற்குள் கடைகளில் அடுத்த வாரத்து இதழ் வந்து தொங்கியிருக்கும். பிறகு முப்பத்தைந்து அத்தியாயத்தை மட்டும் கொண்டுபோய் பைண்டு செய்தாள். கடைசியில் ஒட்டுவதற்கு என்று நாலு வெள்ளைத்தாளும் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருந்தாள். அந்தத் தாள்கள் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தன.

நாற்பது வருடத்துக்கும் மேலாக இது எங்கள் குடும்பத்தில் ஒரு கேலியாக ஓடியது. காதுகுத்து, வளைகாப்பு, எங்கே பார்த்தாலும் அக்கா எல்லாருக்கும் முன்னால், “கொலைகாரன் யாருடி?” என்பாள். “சொல்ல மாட்டேன்” என்பேன். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். “தங்கச்சிதான்டி, எனக்குத் தெரியும்” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்வாள். அவள் என்னைக் குத்துகிறாள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். “ஒனக்கு என்னயக் குத்தலேன்னா தூக்கம் வராதுக்கா” என்பேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அவள் கேட்க மாட்டாள். யாராவது சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்வாள். “எரிச்சவ வாயால வரட்டும்” என்பது அவள் வீம்பு. நான் கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு கதை புத்தகமாக வந்தது, நூலகத்தில்கூட இருக்கிறது என்று சொன்னார்கள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக முப்பது வருடம் வேலை பார்த்தேன். நூலகத்தைத் தாண்டித்தான் தினமும் போனேன், வந்தேன். உள்ளே நுழையவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஆன பிறகுதான் அந்தக் கதை சீரியலாக வரப்போகிறது என்று டிவியில் விளம்பரம் வந்தது. அவளே போன் செய்தாள். குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

“ஏய், நம்ம கதைடி! டிவியில போடப் போறான். இனிமே ஒன் தயவு எனக்கு எதுக்கு? நானே பாத்துக்கிறேன்.”

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இனி நான் சொல்ல வேண்டியதில்லை, டிவிக்காரன் சொல்லிவிடுவான்.

அக்கா மகள் ஒரு மில் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு லீவு கிடைக்காது. நான் ரிட்டயர் ஆனவள். அதனால் ஆஸ்பத்திரிக்கு அக்காவை நான் கூட்டிக்கொண்டு போவேன். நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சுவரில் ஒரு டிவி உண்டு. முந்தின நாள் எபிசோடை மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பப் போடுவார்கள். ஏழெட்டுக் கட்டில், ஏழெட்டு மெஷின், எல்லாக் கண்ணும் டிவியில்தான் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் எரியோடு ஊர்க்காரர் ஒருவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு அவர் அண்ணன், அவருக்கு அக்கா ‘தாயி’.

முதல் வாரம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்வாள், வார்டே வாயைப் பிளக்கும். ரெண்டாவது மாதம் அவளுக்கே ஒன்றும் புரியவில்லை. அந்த மூக்குப்பொடிக் கிழவரை முப்பது வயது கட்டுமஸ்தான ஆளாக்கிவிட்டார்கள். அவருக்கு ஒரு பழைய காதலி. காதலிக்கு ஒரு மாமியார். மாமியாருக்கும் மருமகளுக்கும் வளைகாப்பில் சண்டை, அதற்கு மூன்று வாரம். கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாரம். பாடையில் கிடக்கும் பிணத்தை மறந்துவிட்டு எல்லாரும் பட்டுச்சேலையில் கும்மி அடிக்கிறார்கள்! ஒருத்தி ‘என்னது?’ என்று திரும்பினால், அந்தத் திரும்பலை மூன்று தடவை காட்டி, இடி இடித்து, விளம்பரம் போட்டு, மறுநாள்தான் அவள் எதைப் பார்த்தாள் என்று சொல்வார்கள். ஒரு நல்ல கதையை எழுதிவிட்டுச் செத்துப்போன மனிதரின் வயிற்றில் இப்படியா அடிப்பது?

“விசாரண வரட்டும்டி. தலைக்குக் குளிச்சேன்னு சொல்லுவா பாரு” என்று அக்கா காத்திருந்தாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாளில்கூட, இன்றைக்கு அந்தச் சீன் வந்தாலும் வரும் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுக்குச் சிறுமலை வாழைப்பழம் என்றால் உயிர். சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். “கொலைகாரியப் புடிக்கிற அன்னைக்கு ஒரு பழம் திம்பேன், எந்த டாக்டரு வந்து தடுக்குறான்னு பாக்குறேன்” என்பாள்.

அந்தக் காட்சி வரவே இல்லை. கொலை நடந்த நேரத்தில் அந்தத் தங்கை கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததாக மாற்றிவிட்டார்கள். தலையில் எண்ணெயும் இல்லை, ஈரமும் இல்லை. சீரியலில் யாருக்கு ஈரத் தலை இருந்தது? தூங்கி எழுந்தாலும் பார்லரில் இருந்து வந்த மாதிரிதானே இருக்கிறார்கள். விளம்பரம் வந்ததும் அக்கா, “தலையக் காணமேடி” என்றாள். பிறகு சின்னக் குரலில், “ஒருவேள நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோ?” என்றாள். அவளுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு சீரியல் வக்கீலையே சுற்றிச் சுற்றிக் காட்டியது. அவர் மீசையை முறுக்குவார், இருட்டில் போன் பேசுவார், தனியாக நின்று சிரிப்பார். அக்காவுக்கோ கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. இருதயமும் சரியில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாமல் எதை மறைக்க முடியும்?

ஒரு வெள்ளிக்கிழமை எரியோட்டு அண்ணன் மஞ்சள் பையோடு வந்திருந்தார். கட்டிலில் சாய்ந்ததும், “தாயி, எங்க வீட்லயும் அந்தக் கதைய பைண்டு பண்ணி வச்சுருக்கான்னு சொன்னேன்ல? பரண்ல கெடந்துச்சு. வீட்டுக்காரி கடைசி வாரம் வரைக்கும் சேத்து வச்சுருக்கா, பாத்துக்கங்க. தரவா?” என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு கொடுக்க அவசரப்படுகிறவரின் சிரிப்பு.

அக்கா அந்தப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வேணாண்ணே. எரிச்சது இவ. இவதான் சொல்லணும்” என்றாள். பிறகு ஊசி குத்தாத கையால் என் கையைப் பிடித்தாள். “வெளயாண்டது போதும்டி. இவன் இழுக்குற இழுப்புக்கு நான் இருக்க மாட்டேன். இன்னைக்குச் சொல்லிரு. தங்கச்சிதானே?”

வார்டு முழுக்க எங்களைப் பார்த்தது. சிஸ்டர்கூட மருந்துத் தட்டோடு நின்றுவிட்டார்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அக்காவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ‘ஆமா, தங்கச்சிதான்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் டிவியில் வக்கீலைக் காட்டிவிட்டால்? படிக்காமலே படித்தேன் என்று நாற்பது வருடம் புளுகிய என் குட்டு இத்தனை பேர் முன்னால் வெளிப்பட்டுவிடும். டிவியில் வக்கீல் அப்போதுதான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவரைச் சொன்னால் நான் தப்பித்தேன். தெரியாது, நான் படிக்கவில்லை அக்கா என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“வக்கீல்” என்றேன்.

எரியோட்டு அண்ணன் சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். பையின் காதைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அக்கா என் கையை விடவில்லை. “அப்ப அந்தத் தலை?”

“அதான் அப்பவே சொன்னேன்லக்கா. எழுதுனது ஆம்பள. மறந்துருப்பாரு.”

“அப்ப கார்டு போய்ச் சேந்துருக்கு” என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. கார்டு தபாலில் தொலையவில்லை, போய்ச் சேர்ந்தது, ஆனால் அவள் எழுதியது தப்பு, அதனால் பெயர் வரவில்லை. நாற்பது வருடமாக அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்தத் தொலைந்துபோன கார்டு ஒன்றைத்தான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு சீரியல் தொடங்கியதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “பாக்கலயாக்கா?” என்று கேட்டேன். “அதான் தெரிஞ்சுருச்சே” என்றாள். பழத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் குளியலறை வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பாழாய்ப்போன சீரியல் முடிந்தது. கொலைகாரன் வக்கீல். மலை உச்சியில் நின்று வசனம் பேசிவிட்டுக் கீழே விழுந்தான். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். குருட்டாம்போக்கில் சொன்னது நிஜமாகிவிட்டது, நான் அவளிடம் பொய் சொல்லவில்லை! அவள் போட்டோவுக்கு முன்னால் போய், “பாத்தியாக்கா, நான் சொன்னதுதான்” என்றுகூடச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஏதோ விண்ணப்பத்துக்கு அம்மாவின் சிகிச்சை ஃபைல் வேண்டும் என்று அக்கா மகள் கேட்டாள். வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டயாலிசிஸ் வார்டு வாசலில் எரியோட்டு அண்ணன் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மடியில் அதே மஞ்சள் பை.

“செத்த நேரம் உக்காருங்கம்மா. ஒங்களப் பாப்போம்னுதான் வாரப்ப எல்லாம் தூக்கிட்டு வாரேன்” என்று பையை நீட்டினார். “கடைசி அத்தியாயத்தப் படிங்க.”

“அதான் டிவியில பாத்தாச்சேண்ணே. வக்கீல்தானே?”

“டிவிக்காரன் மாத்திப்புட்டான். இது வேற.” என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “அன்னைக்கு எரியோட்டுல பஸ்ஸுக்கு நிக்கயில அதப் படிச்சுட்டுத்தான் வந்தேன். நீங்க வக்கீலுன்னதும் எனக்குத் திக்குன்னுச்சு. இம்புட்டு வருசமாச்சு, மறந்துருப்பீக, பாவம். அத்தன பேரு முன்னாடி ஒங்களப் பொய்யாக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். அடுத்த தடவ அவுககிட்டத் தனியாக் குடுப்போம்னு கொண்டாந்தேன். அவுக செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாக. தூங்குறாகளோன்னு எழுப்பல. அப்பறம் எனக்கே ஒரு வாரம் முடியாமப் போச்சு. திரும்பி வந்தா கட்டில்ல வேற ஆளு.”

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மூக்குப்பொடிக் கிழவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார். எண்ணெய் தேய்த்துக் குளித்த கூந்தல் அரை மணியில் எப்படிக் காய்ந்தது என்று கேட்கிறார். தங்கைக்காரி அழுகிறாள். சின்னாளப்பட்டியில் கையில் சுங்குடித் துணியோடு அக்கா கேட்ட அதே கேள்வி. ஆம்பிளை மறக்கவில்லை.

“கீழ பாருங்க” என்றார் அவர். “சிஸ்டரு அவுகளக் கூப்புடுற பேருதான் போட்டுருக்கு. ஊரும் சின்னாளப்பட்டி. அவுகதானா? அதக் காட்டத்தான் அன்னைக்கு ஓடியாந்தேன்.”

அத்தியாயத்தின் கீழே கட்டம் கட்டி, சரியான விடை எழுதியவர்கள் என்று பதினொரு பெயர். ஏழாவதாக அக்கா பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் அந்தக் குறிக்கு விளக்கம் போட்டிருந்தார்கள்: கூந்தலைக் கவனித்து எழுதிய ஒரே வாசகி.

அவர் என்னை ஆறுதல்படுத்த ஏதோ சொன்னார். மறந்துபோவது சகஜம் என்றார். மறக்கவில்லை, படிக்கவே இல்லை என்று அப்போதும் என் வாயில் வரவில்லை. பையையும் ஃபைலையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அக்கா மகள் போன் செய்தாள்.

“சித்தி, ஃபைலு கெடச்சுருச்சா?”

“கெடச்சுருச்சு” என்றேன். பிறகு, “ஒங்கம்மா சொன்னதுதான் சரி. தங்கச்சிதான் கொன்னுருக்கா. ஒங்கம்மா பேரு அதுல வந்துருக்கு” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “நீங்க படிச்சுருந்தீகளே? வக்கீல்னு சொன்னீகளாமே?”

“நான் படிக்கலடி. பிரிக்காமத்தான் எரிச்சேன்.”

இந்த வார்த்தையை என் வாழ்நாளில் முதல் தடவையாக, சத்தமான ரோட்டில், போனில், கேட்கவேண்டியவள் போன பிறகு சொன்னேன்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து அம்மா அந்தப் பழைய புஸ்தகத்த எடுத்து வச்சுக்கிட்டு அழுதாங்க சித்தி” என்றாள். “ஏம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்லடி, இம்புட்டு வருசம் நாந்தான் பெரிய இவளாட்டம் நெனச்சுக்கிட்டு இருந்துருக்கேன், பாவம் எந்தங்கச்சி, நான் வெக்கப்படக் கூடாதுன்னுதான் சொல்லாமயே வச்சுருந்துருக்கான்னு சொன்னாங்க.”